காரின் கூரையில் ஏறும் மீன்பிடிப் படகு: எதை வாங்கலாம், எப்படித் தயார்ப்படுத்தலாம்

ஒன்ராறியோவில் தூண்டில் போடும் நம்மவர்கள் அநேகம் பேர் கரையில் நின்றுதான் தொடங்குகிறோம். ஜூலை பிறந்ததும் கரையோரமெங்கும் நீர்க்களை மேலே வந்துவிடும். பாஸ் மீன் அந்தக் களைத் திட்டின் வெளி ஓரத்து நிழலில் நிற்கும். நாங்கள் எறிவதோ களையின் நடுவில் விழுந்து சிக்கும். எட்டாத அந்த நாற்பது, ஐம்பது மீற்றரைத் தாண்டத்தான் படகு வேண்டியிருக்கிறது. ட்ரெய்லரில் இழுத்துப் போகும் படகு என்றால் காருக்குக் கொக்கி பூட்டவேண்டும், ட்ரெய்லருக்கு இலக்கத்தகடு எடுக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதை நிறுத்தி வைக்க ஓர் இடம் வேண்டும். கொண்டோவிலும் டவுன்ஹவுஸிலும் வாழும் எங்களில் பலருக்கு அந்த இடம் கிடையாது. அதனால்தான் கூரையில் ஏற்றிப் போகும் சின்னப் படகைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படகைப் பார்க்கப் போவதற்கு முன்னர் மூன்று விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் காரின் கூரை எவ்வளவு தாங்கும், நீங்கள் தனியாக எவ்வளவு தூக்குவீர்கள், படகு இரவில் எங்கே கிடக்கும். நீளம், விலை, இருக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். கூரையில் ஏற்றலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் பல படகுகள், திடகாத்திரமான இருவர் சேர்ந்தால் மட்டுமே ஏறும். கூட வர ஆள் கிடைக்காத சனிக்கிழமைகளில் அப்படிப்பட்ட படகு வீட்டிலேயே கிடக்கும்.

கூரையும் முதுகும்

சாதாரண கார்களுக்கும் சின்ன எஸ்யூவிகளுக்கும் ஓடும்போது கூரை தாங்கக்கூடிய எடை பெரும்பாலும் 75 கிலோவைச் சுற்றியே இருக்கும். சில சின்னக் கார்களுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் காருக்குரிய சரியான எண் காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது; அதைப் பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அந்த எண்ணுக்குள் குறுக்குக் கம்பிகளின் எடையும் அடங்கும். இரண்டு கம்பிகளும் அவற்றின் கால்களும் ஐந்து, ஆறு கிலோ பிடித்தால், 75இல் படகுக்கு மிஞ்சுவது 70க்கும் குறைவு. கம்பிக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. கூரையின் எல்லை, கம்பியின் எல்லை இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. பல எஸ்யூவிகளில் கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் தண்டு மட்டும் இருக்கும். அதில் நேரடியாகப் படகைக் கட்ட முடியாது, குறுக்குக் கம்பியைத் தனியாக வாங்கிப் பூட்டவேண்டும்.

இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான தூரத்தையும் அளந்து பாருங்கள். செடான் கார்களில் கூரை குட்டை. கம்பிகள் 70, 80 சென்றிமீற்றர் இடைவெளியில்தான் அமையும். அதன் மேல் 12 அடிப் படகு கிடந்தால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு காற்றுக்கு ஆடும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துக் கட்டினால் சமாளிக்கலாம், ஆனால் ஸ்ரேஷன் வேகனிலோ எஸ்யூவியிலோ கிடைக்கும் உறுதி வராது.

முதுகின் கணக்கை யாரும் கையேட்டில் எழுதித் தருவதில்லை. ஏற்றுவதைவிட இறக்கிய பிறகு திரும்ப ஏற்றுவதுதான் கடினம். எட்டு மணி நேரம் வெயிலில் இருந்த உடம்பு, ஈரமான படகு, வழுக்கும் சரளைக் கல். தனியாளாக ஒரு முனையை மட்டும் தூக்கி ஏற்றும் முறையில் 45, 50 கிலோ வரை பெரும்பாலானவர்களுக்குச் சாத்தியம். முழுப் படகையும் தலைக்கு மேலே தூக்கவேண்டும் என்றால் 30 கிலோவே அதிகம்.

நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கார் நிறுத்துபவர்கள் வாசலில் தொங்கும் உயர எல்லைப் பலகையைப் பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் அது 2 மீற்றர் அளவில்தான் இருக்கும். எஸ்யூவியின் மேல் கவிழ்த்த படகு அதற்குள் நுழையாது. அப்படியான வீட்டுக்காரர்களுக்குக் காற்றடைத்த படகோ மடக்குப் படகோ மட்டுமே உண்மையான தெரிவு. கீழே அலுமினியப் படகைப் பற்றி நான் எவ்வளவு புகழ்ந்தாலும் இது மாறாது.

எந்த நீருக்கு

ஸ்கூகொக் ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. பெரும்பகுதியில் ஆள் நின்றால் தலை தெரியும். களை அடர்த்தி. தட்டையான அடிப்பரப்புள்ள படகுக்கும் கயாக்குக்கும் ஏற்ற நீர். (பிக்கரல் நினைப்போடு போகவேண்டாம்; அங்கே அந்த மீனைப் பிடிப்பது ஆண்டு முழுவதும் தடை. பாஸ், கிராப்பி, மஸ்கி இருக்கின்றன.) ரைஸ் ஏரி அப்படியல்ல. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்தில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. அடிக்கடி வீசும் தென்மேற்குக் காற்று அதன் முழு நீளத்துக்கும் ஓடி வரும். ஆழம் குறைந்த நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். தட்டைப் படகின் மூக்கில் அது அறையும். காலையில் கண்ணாடிபோல் இருந்த நீர் பதினொரு மணிக்கு வெள்ளை நுரை தள்ளும். புறப்பட்ட கரைக்கே எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை நினைத்தே திசையைத் தீர்மானியுங்கள்: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும்.

சிம்கோ ஏரி 700 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பரந்தது, 40 மீற்றர் ஆழம் வரை போவது. அதன் நடுப்பகுதிக்குக் கூரைப் படகில் போகலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். குக்ஸ் பே போன்ற ஒதுங்கிய பகுதிகளில், காற்றில்லாத நாளில், கரையோரமாக மட்டும் போகலாம். பிஜன், செமொங், பக்ஹோர்ன் போன்ற கவார்த்தா ஏரிகள் நடுத்தரம். அவை ட்ரெண்ட்-செவேர்ன் நீர்வழியில் இருப்பதால் பெரிய படகுகள் எழுப்பும் அலை அங்கே காற்றலையைவிடத் தொல்லை. குவெல்ப் ஏரியிலும் ஒரஞ்ச்வில்லில் உள்ள ஐலண்ட் ஏரியிலும் பெற்றோல் மோட்டார் அனுமதி இல்லை, மின்மோட்டார் போடலாம். பிரம்ரன், மிசிசாகாப் பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி போகப்போவது இந்த இரண்டுக்கும் என்றால் மோட்டார் விஷயம் இப்போதே முடிவாகிவிட்டது.

அலுமினியம்

இரண்டு பேர் போவதற்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்கும் 12 அடி அலுமினியப் படகுக்கு நிகராக ஒன்றைச் சொல்ல எனக்கு மனமில்லை. பாறையில் உரசினாலும் கிழியாது. வெளியே கவிழ்த்துப் போட்டால் பனிக்காலம் முழுவதும் கிடக்கும். பத்து ஆண்டு கழித்து விற்றாலும் பெறுமதி பெரிதாக இறங்காது. பிரின்ஸ்கிராஃப்ட், லண்ட் பெயர்களில் புதிதும் பழையதும் கிடைக்கின்றன. பழைய விளம்பரங்களில் ஸ்பிரிங்பொக் என்ற பெயரையும் அடிக்கடி பார்ப்பீர்கள்.

இதில் இரு வகை. தட்டை அடிப் படகுக்கு 1032, 1232, 1236 என்று எண் போட்டிருப்பார்கள். 1232 என்றால் 12 அடி நீளம், 32 அங்குல அடிப்பரப்பு. மெல்லிய தகட்டில் செய்த 1232 ஏறத்தாழ 45, 50 கிலோ வரும். 10 அடி என்றால் 35, 40 கிலோ. மற்றது முன்பக்கம் கூரான, அலையை வெட்டிப் போகும் வகை. அதே 12 அடியில் 55 கிலோவிலிருந்து 75ஐயும் தாண்டும். அலைக்கு இதுதான் நல்லது, நனையாமல் கரை சேரலாம், ஆனால் பல கார்களின் கூரை எல்லையை இது தனியாகவே தின்றுவிடும். ஸ்கூகொக், குவெல்ப், சின்ன ஆறுகள் என்று போகிறவர் தட்டையானதை எடுக்கலாம். ரைஸ் ஏரியும் கவார்த்தாவும் என்றால், தூக்க முடிந்த அளவில் கூரானதைத் தேடிப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 32 அங்குல அடிப்பரப்பில் நின்று தூண்டில் எறிய முயலவேண்டாம். 36 அங்குலத்தில் கவனமாக ஒருவர் நிற்கலாம். நான்கு அங்குலம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஏறி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காற்றடைத்த படகு

10 அடி நீளம், கனத்த பிவிசி துணி, உயர் அழுத்தக் காற்றுத் தரை, பின்னால் மோட்டார் பூட்டப் பலகை. இந்த வகை 30 கிலோவைச் சுற்றி இருக்கும். கார் டிக்கியில் கிடக்கும், லொக்கரில் கிடக்கும், மின்தூக்கியில் ஏறும். கூரையே தேவையில்லை. பக்கக் குழாய்கள் பெரிதாக இருப்பதால் கவிழ்ப்பது கஷ்டம். இதே எடையுள்ள வேறெந்தப் படகும் இவ்வளவு பாரம் சுமக்காது. அப்பார்ட்மென்டில் இருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

குறைகளையும் சொல்லவேண்டும். நீருக்கு மேலே குண்டாக நிற்பதால் காற்று பிடித்துத் தள்ளும். சின்ன மின்மோட்டார் திணறும். ஒவ்வொரு முறையும் காற்றடிக்க, இறக்க, துடைத்துக் காயவைக்க நேரம் போகும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கொண்டோ பல்கனியில் அதை விரித்துக் காயவைப்பது வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும் காரியமில்லை. காற்றழுத்தத்தையும் கவனிக்கவேண்டும். வெயிலில் கரையில் நன்றாக இறுகி நிற்கும் குழாய், குளிர்ந்த நீரில் இறங்கியதும் தளரும். இறக்கிய பின் மறுபடி கொஞ்சம் அடிக்கவேண்டும். திரும்பி வந்து வெயிலில் விடும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

மெல்லிய வினைல் தாளில் செய்து கோடையில் மலிவாக விற்கும் விளையாட்டுப் படகுகள் வேறு சாதி. மூன்று கொழுவியுள்ள தூண்டில் முள்ளையும் அவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது அறிவல்ல. குளத்தில் பிள்ளைகள் விளையாட அவை போதும்.

கயாக், கனு, மடக்குப் படகு

தனியாகவே போகிறவருக்குக் கயாக். மேலே உட்காரும் வகை மீன்பிடிக் கயாக் 12 அடியில் 30, 35 கிலோ. காலால் மிதித்து ஓட்டும் வகை அதன் மிதிப்பொறியோடும் இருக்கையோடும் 45, 50 கிலோவைத் தொடும், விலையும் பல மடங்கு. மிதிப்பொறியைப் பிரபலமாக்கியது ஹோபி நிறுவனம். 1997இல் தன் மிராஜ் பொறியை அறிமுகப்படுத்தியது. கை இரண்டும் தூண்டிலுக்குக் கிடைக்கிறது என்பதுதான் அதன் பெரும் பலன்: காற்றில் ஒரே இடத்தில் நின்று எறியலாம். இயந்திரம் இல்லாததால் படகு ஓட்டுநர் அட்டையும் வேண்டாம். ஆனால் பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது, கூடவே அப்பாவைக் கூட்டிப் போக முடியாது. எங்கள் வீடுகளில் மீன்பிடிக்கப் போவது தனி ஆளின் காரியமாக அபூர்வமாகத்தான் இருக்கிறது. வாங்கிய பின் இது உறைத்தால் பயனில்லை.

பலர் கவனிக்காத ஒன்று, பின்பக்கம் தட்டையாக வெட்டிய அகலக் கனு. ஸ்போர்ட்ஸ்பால் வகைக் கனுக்கள் மெல்லிய அலுமினியத்தில், இரு பக்கமும் வெளியே நுரைத் திண்டு ஒட்டி வருபவை. 14 அடி இருந்தும் 30 கிலோவைச் சுற்றித்தான் எடை. இரண்டு பேர் உட்காரலாம், சின்ன மோட்டார் பூட்டலாம், அறுபது வயதுக்காரர் தனியாகக் கூரையில் ஏற்றலாம். தகடு மெலிதாகையால் பாறையில் இழுத்தால் நெளியும். அலுமினியப் படகைப்போல் அதன் மேல் அலட்சியமாக நடக்க முடியாது. முதுகுவலிக்காரருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மடக்குப் படகு பிளாஸ்டிக் தகட்டால் ஆனது. மடித்தால் ஒரு கையளவு தடிப்பில் பலகையாகி கூரையின் பக்கவாட்டில் கிடக்கும். நல்ல யோசனை. ஆனால் பழையதாகக் கிடைப்பது அரிது, குளிர் நாளில் தகடு விறைத்து விரிக்க மறுக்கும்.

மோட்டார்

முதலில் ஒரு சோடித் துடுப்பு. மோட்டார் எதுவானாலும் துடுப்பு படகில் இருக்கவேண்டும். 12 அடி அலுமினியப் படகைத் துடுப்பு வலித்தே அரை நாள் மீன் பிடிக்கலாம்.

மின்மோட்டாரில் மொத்த எடையின் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்ட் உந்துவிசை என்பது பழைய கணக்கு. படகு 50 கிலோ, ஆட்கள் இருவர் 160, பற்றரி 23, சாமான் 25: மொத்தம் 258 கிலோ, 570 பவுண்ட் அளவில். கணக்குப்படி 12 பவுண்ட் போதும். காற்றில் அது போதாது. 30 பவுண்டைத் தொடக்கமாக வையுங்கள், ரைஸ் ஏரிக்குப் போகிறவர் 45 அல்லது 55 எடுங்கள். 30 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் 30 அம்பியர் இழுக்கும், 55 பவுண்ட் ஏறத்தாழ 50 அம்பியர். ஈய அமில டீப் சைக்கிள் பற்றரி 80 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 40. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் கடந்ததும் முடிந்தது. மெதுவாக, 10 அம்பியரில் ஊர்ந்தால் நான்கு மணி நேரம். எடை 23 கிலோ. 100 அம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி 12 கிலோ அளவில்தான் இருக்கும், ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். விலை கூட. இருந்தாலும் கூரைப் படகில் ஒவ்வொரு கிலோவையும் உங்கள் கைதான் சுமக்கிறது. பணத்தைச் சேர்த்துச் செலவழிப்பதென்றால் இதில் செலவழியுங்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது. மாரிக்கு வீட்டுக்குள்ளே வையுங்கள்.

பெற்றோலில் 2.5 குதிரைவலு நான்கு வீச்சு மோட்டார்கள் போதும். சுசுகியின் 2.5, ஹொண்டாவின் 2.3 இரண்டும் 14 கிலோ அளவு, பெற்றோல் தாங்கி (டாங்க்) உள்ளேயே இருக்கிறது. ஹொண்டா காற்றால் குளிர்வதால் நீர் பம்ப் பிரச்சினை இல்லை, ஆனால் இரைச்சல் கூட. தண்டின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்: இந்தச் சின்னப் படகுகளின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குல உயரம், அதற்குக் குட்டைத் தண்டு. காரில் படுக்கவைக்கும்போது கையேடு காட்டும் பக்கமாகவே படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். பெற்றோல் மணம் காருக்குள் வரும் என்பதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டில் ஒன்று மட்டும் என்றால் நான் மின்மோட்டாரைத்தான் எடுப்பேன். களை ஓரமாகச் சத்தமின்றி ஊர்ந்து போகும் வேலைக்கு அதுவே பொருத்தம். பெற்றோல் மோட்டாரை விடாத ஏரிகள் பலவற்றிலும் இறக்கலாம். காற்று மிகுந்த பெரிய ஏரிக்கு மட்டுமே பெற்றோல் மோட்டார்.

படகைத் தயார்ப்படுத்துவது

பழைய அலுமினியப் படகு வாங்கியதும் பலர் பலகைத் தரை போட ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அரை அங்குலப் பலகைத் தரை பத்துப் பதினைந்து கிலோவைச் சத்தமில்லாமல் கூட்டிவிடும், பிறகு கூரையில் ஏற்ற முடியாது. அதிலும் வேலி அடிக்கும் மருந்து ஏற்றிய மரத்தைப் போடவே கூடாது: அதில் உள்ள செம்புச் சேர்மம் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். உடற்பயிற்சி அறைக்குப் போடும் ஈவிஏ நுரைப் பாயை வெட்டி விரித்தாலே போதும். தகட்டில் துடுப்பு மோதும் சத்தத்தை அடக்கும் (அந்தச் சத்தம் ஆழமற்ற நீரில் மீனைக் கலைக்கும்), வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கழுவலாம். கம்பளம் வேண்டாம், நீரைக் குடித்து வைத்திருக்கும், முள்ளையும் பிடிக்கும்.

இருக்கைக்குக் கீழே நுரை அடைத்திருப்பார்கள். இடம் கிடைக்கும் என்று அதைக் கழற்றி எறியவேண்டாம், கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் இருப்பது அதனால்தான். பழைய நுரை நீர் ஊறிக் கனத்திருந்தால் புதிதை வைக்கலாம்.

எடையைப் பகிர்ந்து வைப்பதில் படகின் முழுக் குணமும் மாறும். தனியாள் பின்னால் உட்கார்ந்து, மோட்டாரும் பற்றரியும் பின்னாலே இருந்தால் அணியம் (படகின் முன்மூக்கு) மேலே தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்துச் சுழற்றும், மோட்டார் எவ்வளவு திருப்பினாலும் நேரே போகாது. பற்றரியைப் பெட்டியில் போட்டு அணியத்தில் வாரால் கட்டுங்கள், தடித்த செம்புக் கம்பியால் பின்னுக்குக் கொண்டு வாருங்கள். 6 கேஜ் கம்பியும், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 50 அல்லது 60 அம்பியர் பிரேக்கரும் போடவேண்டும். மோட்டாரின் கைபிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டினால் நடு இருக்கையில் உட்கார்ந்தே ஓட்டலாம். இந்த மூன்று மாற்றமும் செய்த 12 அடிப் படகு, அவை இல்லாத அதே படகைவிடக் காற்றில் எவ்வளவோ கட்டுப்பாடாகப் போகும்.

மீன்காட்டும் கருவிக்கு 7 அம்பியர்-மணிச் சின்னப் பற்றரி ஒன்றைத் தனியாக வையுங்கள். மோட்டாரோடு இணைத்தால் திரையில் இரைச்சல் கோடுகள் விழும். உணரியைக் கவ்வியால் பின்பலகையில் மாட்டலாம். தூண்டில் தாங்கிகளும் அப்படியே கவ்வி வகை. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போடும் யோசனை எதையும் ஏற்கவேண்டாம்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு நீளம் விடவேண்டும், காற்றில் ஏழு மடங்கு. 3 மீற்றர் நீருக்கு 20 மீற்றர் கயிறு. சேற்றுக்கு காளான் வடிவம், பாறைக்கு மடக்கு நகம். கட்டுவது அணியத்தில் மட்டும். பின்னால் கட்டினால் அலை பின்பலகைக்கு மேலால் உள்ளே ஏறும், சின்னப் படகுகள் மூழ்கும் வழிகளில் அது ஒன்று.

தனியாக ஏற்றுவது, கட்டுவது

மோட்டார், பற்றரி, பாய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் படகைக் காரின் பின்னால் கவிழ்த்து வையுங்கள், அணியம் காரைப் பார்க்கட்டும். அணியத்தை மட்டும் தூக்கிப் பின் குறுக்குக் கம்பியின் மேல் சாய்த்து வையுங்கள். கம்பியில் ஒரு பழைய கம்பளத் துண்டைச் சுற்றியிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். படகின் பின்பலகை நிலத்தில் ஊன்றி நிற்கும், அதற்குக் கீழே ஒரு ரப்பர்ப் பாய். இப்போது பின்னால் வந்து பின்பலகையைத் தூக்கி முன்னே தள்ளுங்கள். எந்தக் கட்டத்திலும் உங்கள் கையில் இருப்பது பாதி எடைதான். பின் கண்ணாடியில் தட்டும் கார்களுக்கு, இழுவைக் கொக்கியில் செருகும் டி வடிவத் தாங்கி ஒன்று உதவும். முழங்காலால் தூக்குங்கள், இடுப்பை முறுக்க வேண்டாம்.

கட்டுவதற்கு அகல வார் இரண்டு படகுக்குக் குறுக்கே. ஒவ்வொரு வாரையும் ஒரு முறை முறுக்கி விடுங்கள், இல்லாவிட்டால் 401 நெடுஞ்சாலையில் காற்றில் அது அதிர்ந்து காது வலிக்கும் ஓசை எழுப்பும். பற்சக்கர வார் அலுமினியத்துக்குச் சரி. கயாக்கை அது நசுக்கிவிடும், அதற்குக் கொக்கிப் பிடி வார். இவை தவிர அணியத்திலிருந்து முன் பொனட்டுக்கு ஒரு கயிறு, பின்பக்கத்திலிருந்து பம்பருக்குக் கீழே ஒரு கயிறு, இரண்டும் கட்டாயம். கூரைக் கம்பியே கழன்றாலும் படகு பின்னால் வரும் காரின் மேல் பறக்காமல் வைத்திருப்பது இந்தக் கயிறுகள்தான். பத்து நிமிடம் ஓடிய பின் ஒரு முறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். காரின் பின்னால் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ படகு நீட்டினால் ஒன்ராறியோச் சட்டப்படி பகலில் சிவப்புத் துணியும் இருட்டில் சிவப்பு விளக்கும் வேண்டும்.

சட்டமும் குளிர்ந்த நீரும்

மோட்டார் பூட்டிய எந்தப் படகையும் ஓட்ட ஓட்டுநர் அட்டை வேண்டும். 2009 செப்டெம்பர் முதல் இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். சின்ன மின்மோட்டாரும் மோட்டார்தான். ஒரு முறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். 10 குதிரைவலுவுக்குக் குறைந்த மோட்டாருக்குப் படகு உரிமம் வேண்டாம், ஆகவே இங்கே சொன்னவை எதற்கும் அந்தச் செலவில்லை. ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப்ஜாக்கெட், 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், விசில், நீர் புகாத டோர்ச் ஆகியவை கட்டாயம் படகில் இருக்கவேண்டும். கரையேறியதும் அடிச்செருகியைத் திறந்து நீரை முழுவதும் வடித்து, களையைப் பிடுங்கி எறிந்த பிறகே வீதியில் ஏறலாம். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். ஸ்கூகொக்கில் பரவிவிட்ட ஸ்ராரி ஸ்ரோன்வோர்ட் பாசி இன்னோர் ஏரிக்குப் போவது இப்படிப்பட்ட சின்னப் படகுகளிலும்தான்.

லைஃப்ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்கவேண்டும். மே மாதத்தில் வெளியே 20 பாகை வெயில் அடிக்கும்போது நீர் 10 பாகைக்குக் கீழே இருக்கலாம். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் விழுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய விதி 1-10-1: மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால்கள் பயனோடு அசையப் பத்து நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம். குளிரில் விறைத்து இறப்பதற்கு முன்னரே பலர் முதல் நிமிடத்தில் நீரை உள்ளிழுத்து மூழ்குகிறார்கள். அந்த நேரத்தில் மிதந்துவரும் லைஃப்ஜாக்கெட்டை எட்டிப் பிடித்து மாட்ட யாராலும் முடியாது. நீச்சல் தெரியாத மூத்தவர்களைக் கூட்டிப் போகும் எங்கள் வீடுகளில் இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

வாங்கும் நேரம்

பழைய படகுக்கு செப்டெம்பர், ஒக்டோபர் நல்ல காலம். மாரிக்கு வைக்க இடமில்லாதவர்கள் அப்போது விலையை இறக்குவார்கள். மேயில் அதே படகுக்குப் போட்டி. பின்பலகையின் வலது மேல் மூலையில் 12 எழுத்து எண்கள் கொண்ட அடையாள இலக்கம் இருக்கவேண்டும், 1981 ஓகஸ்ட் முதல் செய்யப்பட்ட படகுகளுக்கு அது கட்டாயம். சுரண்டி அழித்திருந்தால் திரும்பி வாருங்கள். எடைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்: ஒரு முனையைத் தராசில் வைத்து, பின் மறுமுனையை வைத்து, இரண்டையும் கூட்டினால் உண்மையான எடை. விற்பவர் சொல்லும் எடையோடு அது ஒத்துப்போகாவிட்டால் நுரை நீர் குடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பின்பலகையின் மரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே உக்கியிருந்தால் ஓசை மந்தமாக வரும்.

பிறகு படகை இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிமிர்த்தி வைத்து, தோட்டத்துக் குழாயால் உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு நீர் விடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் பொறுத்துக் கீழே குனிந்து பாருங்கள். எந்தத் தறையாணியில் (ரிவெட்டில்) துளி நிற்கிறதோ அதைச் சோக்கால் வட்டமிடுங்கள். நாலைந்து வட்டம் என்றால் புதுத் தறையாணி அடித்தோ கடல்நீருக்கான பசை பூசியோ ஒரு பிற்பகலில் தீர்த்துவிடலாம், அதற்குத் தக்கபடி விலை பேசுங்கள். அடிப்பட்டை நெடுகத் துளி வரிசையாக நின்றால், அல்லது நீர் விடவே விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்தப் படகை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.